புகைபோக்கியைக் கட்டியவர்

டொரான்டோ யூனியன் நிலையத்தில் நிற்கிற ரயில்கள் எல்லாமே பச்சை. எல்லாமே இரட்டை அடுக்கு. அதில் எது மில்லிக்கனுக்குப் போகிறது, எது பிக்கரிங்குக்குப் போகிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலகையில் எழுதிப் போட்டிருந்தார்களாம். நான் பலகையைப் பார்க்கவில்லை. மேல் அடுக்கில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வலப்பக்கம் கடல் மாதிரி ஓர் ஏரி வந்தது. மில்லிக்கனில் ஏரி உண்டென்று யாரும் சொல்லவில்லையே என்று சந்தேகம் வந்தது. எதிர் இருக்கையில் ஒரு பெண் கைபேசியில் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். திட்டி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அங்கிள், இது மில்லிக்கன் போகாது. யூ ஆர் ஆன் த ராங் ட்ரெயின். நெக்ஸ்ட் பிக்கரிங். அங்க இறங்கி உங்கட ஆக்களுக்கு கோல் பண்ணுங்கோ" என்றாள். பிறகு, "நீங்க இந்தியாவோ?" என்றாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அவள் என் ஷூவைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் திருச்சிக்காரன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மிசிசாகாவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கோமதி நான்கு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டாள். அவளைத் திரும்ப அழைத்துப் போவதுதான் என் வேலை. ஆனால் கிளம்புவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. குழந்தையைச் சரியாகத் தூக்க எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டை எந்தப் பக்கம் பார்த்து அடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. ஆகவே மில்லிக்கனில் இருக்கும் செல்வரத்தினம் போன் செய்து, "மச்சான், ஒரு நாலு நாள் என்னோட வந்து நில்" என்றபோது வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "போய்ட்டு வாங்க" என்றார்கள்.

செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரன். திருச்சியில் படித்த காலத்தில் மூன்று வருஷம் விடுதியில் என் அறைத் தோழன். அப்புறம் அவன் கனடா போனான். நாங்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

பிக்கரிங்கில் இறங்கி அவனுக்குப் போன் செய்தேன்.

"பிக்கரிங்கோ! அங்க ஏனடா போனாய்?"

"ரயில் போச்சு, நானும் போனேன்."

"சரி, அசையாம நில். வாறன்."

அரை மணியில் வந்தான். காரிலிருந்து இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்து, "தலையில இருந்ததெல்லாம் எங்கயடா?" என்று கேட்டான். அவன் தலையிலும் ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. நாற்பது வருஷப் பிரிவு அவ்வளவில் தீர்ந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவன் மனைவி ராஜி புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் செய்திருந்தார். எங்கள் பக்கம் புட்டென்றால் சர்க்கரை போட்டு உதிர்த்துத் தின்கிற பலகாரம். இங்கே அது குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் முழுச் சாப்பாடு. "அண்ணை, இன்னும் கொஞ்சம் போடுறன்" என்று ராஜி சொல்வது கேள்வி அல்ல என்பது மூன்றாவது முறைதான் புரிந்தது.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தான். தான் விளக்குச் சகோதரர்கள் என்ற சங்கத்தின் செயலாளர் என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் சங்கம் என்றால் மேடை, மைக், பொன்னாடை. இவர்களுக்கு அதெல்லாம் இல்லையாம். பழைய காலத்து வேலைக்காரர்களின் சங்கம். டிராம் ஓட்டியவர்கள், தகரம் அடித்தவர்கள், ரொட்டி சுட்டவர்கள். ஒருவன் படுத்துவிட்டால் மற்றவர்கள் போய்ப் பார்ப்பார்கள். செத்தால் பெட்டியைத் தூக்குவார்கள். ரகசியமாக ஒரு கைகுலுக்கலும் உண்டு. அதைக் காட்டச் சொன்னேன். "ரகசியம் எண்டா ரகசியம்தான்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

சங்கத்துக்குப் பிக்கரிங்குக்கு வடக்கே ஓடைக்கரையில் ஒரு முகாம் இருக்கிறது. மரக் குடில்கள், சாப்பாட்டுக் கூடம், குளம். எல்லாம் உறுப்பினர்களே கட்டியவை. வருகிற சனிக்கிழமை கோடைத் திறப்பு விருந்து. அன்று முகாமின் வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு செல்வத்துடையது. காகிதக் கட்டு அதுதான்.

"ஒரு பக்கம்தான் பிரச்சினை" என்றான். "நாளைக்குக் காரில சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை காலை ஒரு பிளாசாவில் நிறுத்தினான். நம் கடைத்தெருவை மடக்கி ஒரு கார் நிறுத்தத்தைச் சுற்றி வைத்தால் அதுதான் பிளாசா. நகைக்கடை, வக்கீல், பல் டாக்டர், மீன்கடை. பலகைகளில் எல்லாம் 'ரொறன்ரோ' என்று இருந்தது. நான் 'டொரான்டோ' என்றேன். "நீங்கள் பிழையா எழுதுறீங்கள்" என்றான் செல்வம். அவனோடு வாதாடிக்கொண்டே நான்கு மட்டன் ரோல்ஸ் தின்றேன். பிளேன்ரீ என்று கேட்டால் பால் இல்லாத தேநீர் வருகிறது. காப்பி குடித்தே வளர்ந்த நாக்குக்கு அது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

காரில் விஷயத்தைச் சொன்னான்.

போன பனிக்காலத்தில் மார்சியா என்ற பெண்மணி போன் செய்திருக்கிறார். ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய தாத்தா ஹூபர்ட் பிராத்வெயிட், பார்படாஸ் தீவிலிருந்து வந்த கறுப்பர், ரயிலில் படுக்கைப் பெட்டிகளில் பயணிகளைக் கவனிக்கும் போர்ட்டர் வேலை பார்த்தவர். கையில் கொத்தனார் கரண்டியோடு ஒரு கல் புகைபோக்கிக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் போட்டோ வீட்டில் இருக்கிறது. அந்த இடம் உங்கள் முகாமா என்று கேட்டிருக்கிறார்.

செல்வம் சங்கக் கூட்டங்களின் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினான். கூடத்தின் புகைபோக்கியை உறுப்பினர்கள் இரண்டு முறை கட்டி, இரண்டு முறையும் அது சரிந்திருக்கிறது. பிறகு ஓர் உறுப்பினரின் நண்பர் என்று பிராத்வெயிட் வந்திருக்கிறார். அவருடைய அப்பா கொத்தனார். லீவு கிடைத்த நாளெல்லாம் வந்து, ஓடையிலிருந்து கல் தூக்கி, நான்கு கோடைக்காலம் வேலை செய்திருக்கிறார். நான்காம் கோடையில், நானும் சங்கத்தில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

"எங்கட சங்கத்தில ஆளைச் சேர்க்கிறது எப்பிடித் தெரியுமோ? ஒரு மரப்பெட்டி. அதில ஆளுக்கொரு உருண்டை போடவேணும். வெள்ளை எண்டா சம்மதம். கறுப்பு எண்டா இல்லை. ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் வெளிய. அண்டைக்கு மூண்டு விழுந்திருக்கு."

"காரணம்?"

"காரணம் எழுதுறேல்லை. எழுதத் தேவையும் இல்லைதானே."

அடுத்த மாதக் குறிப்பில், புகைபோக்கி முடிந்தது, உதவிய நண்பருக்கு நன்றி என்று ஒரே ஒரு வரி. பெயர் இல்லை. ஆக, மறுத்த பிறகும் அந்த மனிதர் வந்து வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்.

"வாசிக்க வேண்டியதுதானே, இதில என்ன பிரச்சினை?" என்றேன்.

"மினிட்ஸ் எழுதினது கோர்டனின்ர தகப்பன்" என்றான் செல்வம்.

கோர்டன் யார் என்பது முகாமில் தெரிந்தது. எண்பத்தெட்டு வயது. ஏணியில் நின்று கூடத்தின் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். செல்வம் கனடா வந்து முதலில் சேர்ந்த பேருந்துப் பணிமனையில் அவர்தான் மேஸ்திரி. சங்கத்தில் அவன் பெயரை முன்மொழிந்தவரும் அவரே. "நீதான் அறைத் தோழனா? அப்போதும் இவன் இப்படித்தான் குறட்டை விடுவானா?" என்று கேட்டார். அதைவிட மோசம் என்றேன். உடனே என் கையில் ஒரு சுரண்டியைக் கொடுத்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டச் சொன்னார். விருந்தாளி என்ற மரியாதை அத்தோடு முடிந்தது.

எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. பதினான்கு குடில்கள், பதினான்கு விதமான கதவுகள். அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் கடிதம் போடுகிற துவாரம்கூட இருக்கிறது. அங்கே தபால்காரர் வந்ததே இல்லை. குளம் என்பது பழைய சரளைக் குழி. கூடத்தின் உத்தரங்கள் ஒரு கிடங்கிலிருந்து வந்தவை. சனிக்கிழமைதோறும் ஒரு லாரியில் நின்றுகொண்டே வந்து, கட்டிவிட்டு, நின்றுகொண்டே திரும்பிப் போயிருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் பொன் எழுத்தில் கட்டியவர்களின் பெயர்கள். எதிரே ஆள் உயரத்துக்குக் குளிர்காய ஓர் அடுப்புக் குழியும், அதன்மேல் கூரையைத் தாண்டிப் போகிற புகைபோக்கியும். உருண்டையான ஓடைக்கற்கள். ஒரு விரிசல் கிடையாது. மின்வாரியத்தில் எத்தனையோ கட்டடம் பார்த்தவன் நான். திறப்பு விழாவுக்கு முன்பே விரிசல் விட்டவை அதில் பாதி.

மதியம் பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்ட பிறகு செல்வம் அந்தக் காகிதத்தைக் கோர்டனிடம் கொடுத்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்தார்.

"செல்வா, நாளைக்கு விருந்து. மக்கள் சாப்பிட வருகிறார்கள்."

"தெரியும்."

"கட்டடத்தைப் பற்றி வாசி. இதைப் புத்தகத்திலேயே விட்டுவிடு. அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை."

"அவருடைய பேத்தி இருக்கிறார். நாளைக்கு வருகிறார். நான்தான் கூப்பிட்டேன்."

கோர்டன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னிடம் சொல்லாமலா?" என்றார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். பெயின்ட் டப்பாவில் அவருடைய பிரஷ் அப்படியே நின்றது. செல்வம் அதை எடுத்து நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் நெரிசல். நான்கு வரிசையிலும் கார்கள் நகரவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் இறங்கி நின்று அரசியல் பேசத் தொடங்கியிருப்போம். செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெல்லச் சொன்னான்.

"வந்த முதல் வருசம் என்னட்டைக் குளிருக்குக் கோட் இல்லை. தன்ரயைக் கழட்டித் தந்த மனிசன். எங்கட அப்பா ஊரில செத்தபோது எனக்குப் போக ஏலாது. கோர்டன் சங்கத்து ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அப்பார்ட்மென்டுக்கு வந்தார். ஒருத்தருக்கும் எங்கட முறை தெரியாது. சும்மா வரிசையா வந்து இருந்தாங்கள். ஒருத்தன் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தான். அண்டைக்கு எனக்கு அது எவ்வளவு பெரிசு எண்டு உனக்கு விளங்காது." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு எல்லாம் வெள்ளை உருண்டை மச்சான். அதுதான் அந்தப் பக்கத்தை விட ஏலாம இருக்கு. நான் பிழை செய்துபோட்டேனோ?"

"அந்தம்மாவைக் கூப்பிட்டது தப்பில்லை. கோர்டன்கிட்ட சொல்லாம விட்டதுதான் தப்பு."

"ஓம். சொன்னா வேண்டாம் எண்டுவார் எண்டு பயந்தனான்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. உறுப்பினர்கள் இருபது பேர் இருக்கலாம். மற்றவர்கள் பிள்ளைகள், பேரர்கள், அக்கம்பக்கத்தினர். ராஜி இரண்டு பெரிய தட்டு ரோல்ஸோடும் ஆட்டுக்கறியோடும் வந்திருந்தார். மற்றவர்கள் பன்றித் தொடை, உருளைக்கிழங்கு சாலட், நான்கு வகை இனிப்பு. கோர்டனின் நாற்காலி காலியாக இருந்தது.

மார்சியா மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும். கையில் பார்படாஸ் முறையில் அடுப்பில் வேகவைத்த மக்ரோனியும், மஞ்சளாக ஒரு மிளகாய்ச் சாஸ் பாட்டிலும். ராஜியின் ரோல்ஸைக் கடித்துப் பார்த்து, "மிளகாய் போட மறந்துவிட்டீர்களா?" என்றார். ராஜியை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதிலுக்கு அவர் அந்தச் சாஸில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார், சற்று நேரம் கழித்து.

பிறகு மார்சியா புகைபோக்கியின் அருகே போனார். எல்லோரும் பேச்சைக் குறைத்தோம். அவர் போட்டோவை எடுத்துப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் வெள்ளையாக இருந்த ஒரு கல்லின்மீது உள்ளங்கையை வைத்தார். போட்டோவில் அவருடைய தாத்தா கை வைத்திருந்ததும் அதே கல்தான்.

சாப்பாடு முடிந்தது. செல்வம் வரலாற்றை வாசிக்க எழுந்தான். லாரி, சரளைக் குழி, பதினான்கு கதவு. எல்லோரும் சிரித்தார்கள். முந்தின இரவே மறுபடி எழுதி வைத்திருந்த அந்தப் பக்கம் வந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டபோது வாசல் கதவு திறந்தது.

கோர்டன் கோட் சூட் போட்டு, சங்கத்தின் நீலப் பட்டையைத் தோளில் அணிந்திருந்தார். நேராக நடந்து வந்தார்.

"இந்தப் பக்கத்தை நான் வாசிக்கிறேன்" என்றார். "என் அப்பா எழுதியது."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். இரண்டு முறை சரிந்ததை வாசித்தார். நான்கு கோடைகளை வாசித்தார். விண்ணப்பம், மூன்று கறுப்பு உருண்டை, பெயரில்லாத அந்த நன்றி. எதையும் விடவில்லை. ஓரிடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். முடித்த பிறகும் உட்காரவில்லை.

"அன்று என் அப்பா எந்த உருண்டையைப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. நேற்று இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். வெள்ளை போட்டிருப்பார் என்று சொல்ல ஆசை. ஆனால் தெரியாது. இந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து எண்பது வருஷமாகக் குளிர் காய்கிறேன். யார் கட்டியது என்று சின்ன வயதில் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். நம் நண்பர் ஒருவர் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை."

யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற நேரமும் இல்லை அது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, பிராத்வெயிட்டை இப்போதாவது உறுப்பினராக்கிவிடலாம், இன்றே வாக்கெடுப்போம் என்றார். பல தலைகள் ஆடின. செல்வம் மார்சியாவைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "அவர் ஒருமுறை கேட்டார். மறுபடி கேட்கிற ஆள் இல்லை அவர். பெயர் போடுவதென்றால் போடுங்கள். அந்தப் பலகையில் வேண்டாம், இதில்" என்று கல்லைக் காட்டினார். பிறகு, "இன்னொன்று கேட்கலாமா? இதில் நெருப்பு எரிந்து தாத்தா பார்த்ததே இல்லை. முடித்த அன்று போனவர் திரும்ப வரவில்லை. நான் பார்க்க வேண்டும்" என்றார்.

ஜூன் மாத வெயில். கூடத்தில் ஏற்கனவே எல்லோருக்கும் வியர்த்திருந்தது. ஆனாலும் ஆளாளுக்கு விறகு தூக்கினோம். கோர்டன் முட்டியை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து தீ மூட்டினார். நெருப்பு பிடித்தது. ஒரு கீற்றுப் புகைகூட உள்ளே வராமல் நேராக மேலே போயிற்று. மார்சியா தொப்பியால் விசிறிக்கொண்டு வெளியே புல்வெளிக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். எல்லோரும் அண்ணாந்து, புகைபோக்கியிலிருந்து வருகிற புகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை என்னை மிசிசாகாவில் விடுவதாகத் திட்டம். காலையில் கோர்டன் செல்வத்துக்குப் போன் செய்து கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்றார். போனோம்.

கூடத்தில் அவர் மட்டும் ஒரு முக்காலியில், புகைபோக்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் கரிப் பென்சில். அடுத்த வாரம் கல் செதுக்குகிறவர் வருகிறாராம். அதற்குமுன் எழுத்தைக் கல்லில் குறித்து வைக்க வேண்டும். மினிட்ஸ் புத்தகம் மடியில் திறந்திருந்தது.

"என் அப்பா அந்தப் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்" என்றார். "எது சரி?"

செல்வம் தன்னிடம் இருந்த தாளைப் பார்த்தான். அவன் எழுதியது நான்காவது விதம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

செல்வம் மார்சியாவுக்குப் போன் போட்டு, ஒலியைப் பெரிதாக்கி, கோர்டனின் காதருகே பிடித்தான்.

"மன்னிக்க வேண்டும், காலையிலேயே தொந்தரவு செய்கிறேன்" என்றார் கோர்டன். "உங்கள் தாத்தா தன் பெயரை எப்படி எழுதுவார்?"

செல்வம் ஒலியை இன்னும் கூட்டினான்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் மார்சியா. "பி, ஆர், ஏ. இங்கே ஓர் 'ஐ' வராது. எல்லோரும் இங்கேதான் தப்பு செய்வார்கள்."

"ஐ வராது" என்றார் கோர்டன்.

ஒவ்வோர் எழுத்தாக அவர் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகக் கோர்டன் அந்த வெள்ளைக் கல்லில் குறித்தார். முக்காலி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். கடைசி எழுத்து முடிந்ததும் அவர் பென்சிலைக் கீழே வைக்கப் போனார்.

"இருங்கள்" என்றது போன். "திருப்பி ஒருமுறை வாசியுங்கள்."

கோர்டன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் எழுத்திலிருந்து, சத்தமாக வாசித்தார்.